நாலாவது வருஷத்துப் பிள்ளைங்க

போன வாரம் எங்க ஆப்டோமெட்ரி காலேஜ்ல எனக்கு வழியனுப்பு விழா. சந்தன மாலை, சால்வை, ஒரு வெள்ளிக் குத்துவிளக்கு, மதியம் வடை பாயசத்தோட இலைச் சாப்பாடு. பழைய மாணவிகள் ராத்திரி பஸ் பிடிச்சு வந்திருந்தாங்க. சிலர் கைக்குழந்தையோட. மனசு நெறஞ்சு போச்சு.

ஆனா ஒரு விஷயம் அன்னையிலேர்ந்து உறுத்திக்கிட்டே இருக்கு. அதைத்தான் இன்னிக்கு எழுதப்போறேன். (பதிவு கொஞ்சம் நீளம். காபி எடுத்துட்டு வந்து உக்காருங்க.)

வரவேற்புரையில, நான் முதல்வரா இருந்த காலத்துல கல்லூரி எவ்வளவு முன்னேறியிருக்குன்னு ஒரு பட்டியல் வாசிச்சாங்க. விழித்திரையை அடுக்கடுக்கா படம் எடுக்கிற ஓசிடி வந்தது. ஃபண்டஸ் கேமரா வந்தது. கண்ணோட முன்பகுதியைப் பெருசாக் காட்டற ஸ்லிட் லேம்ப் ஒண்ணே ஒண்ணை வெச்சு ஒரு வகுப்பே கத்துக்கிட்ட நிலைமை மாறி, இப்ப வரிசையா நிக்குது. ஆட்டோ ரெஃப்ராக்டர், ஏசி போட்ட ஆய்வகம், புது ஹாஸ்டல் மாடி. ஒவ்வொண்ணுக்கும் கைதட்டல்.

நானும் கை தட்டினேன். அந்தக் கருவிங்களுக்காக நிர்வாகத்துக்கிட்ட எத்தனை கடிதம் எழுதியிருப்பேன், எத்தனை கம்பெனிக்காரங்களை உக்கார வெச்சு விலை பேசியிருப்பேன். அதெல்லாம் வேணும். கண்டிப்பா வேணும்.

ஆனா ஒரு ஆப்டோமெட்ரி கல்லூரி முன்னேறிச்சுன்னு சொல்றதுக்கு அந்தப் பட்டியல் பத்தாது. பத்தவே பத்தாது.

மைக் என் கைக்கு வந்தப்போ நன்றி சொல்றதுலயே நேரம் போயிடுச்சு. அதனால அன்னிக்கு சொல்ல நெனச்சதை இங்க சொல்லிடறேன். என் அளவுகோல் ஒண்ணே ஒண்ணுதான். நாலாவது வருஷத்துல இருக்கிற ஒரு பிள்ளை, முன்னபின்ன தெரியாத ஒரு நோயாளியை, அவர் கதவைத் திறந்து உள்ள வர்றதுலேர்ந்து எழுந்து போற வரைக்கும் தானே முழுசாப் பாத்து முடிக்குதா?

முடிச்சா கல்லூரி நடக்குது. முடிக்கலேன்னா, எத்தனை மெஷின் வாங்கியும் பிரயோஜனம் இல்ல.

இந்தப் படிப்பைப் பத்தித் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. கண் டாக்டர்ங்கிறவங்க எம்பிபிஎஸ் முடிச்சு, அதுக்கு மேல கண் மருத்துவம் படிச்சவங்க. ஆபரேஷன், நோய்க்கான சிகிச்சை எல்லாம் அவங்க கையில. ஆப்டோமெட்ரிஸ்ட், பார்வையைப் பரிசோதிக்கப் படிச்சவங்க. பவர் பாக்கறது, கண்ணாடி எழுதறது, கான்டாக்ட் லென்ஸ் பொருத்தறது, ரெண்டு கண்ணும் சேந்து வேலை செய்யுதான்னு பாக்கறது, குறைஞ்ச பார்வையோட வாழறவங்களுக்கு உதவிக் கருவி தேர்ந்தெடுத்துக் குடுக்கறது, நோய் இருந்தா கண்டுபிடிச்சு டாக்டர்கிட்ட அனுப்பறது. மூணு வருஷம் பாடம், ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப், ஆக நாலு வருஷம்.

'கண்ணாடிக் கடையில நிக்கறதுக்கு நாலு வருஷப் படிப்பா?'ன்னு கேக்காத சொந்தக்காரங்க எந்த மாணவி வீட்லயும் இல்ல. எங்க வீட்லயும் கேட்டாங்க. நான் படிக்கப் போன காலத்துல எங்க ஊர்ல அந்தப் பேரையே யாரும் கேள்விப்பட்டதில்ல.

நாட்டுல இது ஒண்ணும் நேத்து வந்த படிப்பு இல்ல. 1958லயே அலிகார்ல காந்தி கண் மருத்துவமனையில ஆப்டோமெட்ரி பள்ளி ஆரம்பிச்சுட்டாங்க. அப்ப அது டிப்ளமா. நம்ம பக்கம் பெரிய திருப்பம் 1985ல. சங்கர நேத்ராலயா கண் மருத்துவமனை, பிட்ஸ் பிலானியோட சேந்து, சென்னையில எலீட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரியை ஆரம்பிச்சாங்க. நாலு வருஷப் பட்டப்படிப்பு. டாக்டர் எஸ்.எஸ். பத்ரிநாத் 1978ல அந்த மருத்துவமனையைத் தொடங்கினவர். நல்ல கண் டாக்டருக்குப் பக்கத்துல நல்ல ஆப்டோமெட்ரிஸ்ட் இருந்தாத்தான் வேலை முழுசாகும்னு தெளிவாப் பாத்த மனுஷர். இன்னிக்குத் தமிழ்நாட்டுல பல ஆப்டோமெட்ரி கல்லூரிகள்ல, எலீட்ல படிச்சவங்க, இல்ல அவங்ககிட்ட படிச்சவங்க யாராவது ஒருத்தர் பாடம் நடத்திட்டு இருப்பாங்க.

சரி, என் அளவுகோலுக்கு வரேன்.

ரெட்டினோஸ்கோப்னு ஒரு சின்னக் கருவி. கையடக்கம். ஒரு டார்ச் லைட் அளவுதான். இருட்டு அறையில நோயாளிக்கு எதிர்ல உக்காந்து, அதோட வெளிச்சக் கோட்டைக் கண்ணு பாப்பாவுக்குள்ள விடணும். உள்ளேர்ந்து செம்மஞ்சளா ஒரு ஒளி திரும்பி வரும். கருவியை லேசா ஆட்டினா அந்த ஒளியும் நகரும். நம்ம ஆட்டற பக்கமே நகந்தா ஒரு கணக்கு, எதிர்ப்பக்கம் நகந்தா இன்னொரு கணக்கு. முன்னாடி லென்ஸை மாத்தி மாத்தி வெச்சுக்கிட்டே போனா, ஒரு லென்ஸ்ல அந்த நகர்வு நின்னு பாப்பா முழுக்க ஒரே வெளிச்சமாயிடும். அங்கதான் பவர் இருக்கு. நாம உக்காந்திருக்கற தூரத்துக்கு ஒரு கழிவு உண்டு. 66 சென்டிமீட்டர்னா ஒன்றரை கழிக்கணும். அவ்வளவுதான்.

நோயாளி ஒரு வார்த்தை பேச வேண்டியதில்ல. எழுத்துத் தெரிய வேண்டியதில்ல. ஆறு மாசக் குழந்தைக்குப் பாக்கலாம். பேச்சு வராத பிள்ளைக்குப் பாக்கலாம். பக்கவாதம் வந்து படுத்திருக்கற பெரியவருக்கும் பாக்கலாம்.

ஆனா இது கைக்கு வர மாசக்கணக்காகும். மொத மொத அந்த நகர்வு கண்ணுக்குத் தெரியற அன்னிக்கு பிள்ளைங்க போடற சத்தம் இருக்கே! 'மேம், தெரிஞ்சுடுச்சு, தெரிஞ்சுடுச்சு'ன்னு இருட்டு ரூமுக்குள்ளேர்ந்து கத்துவாங்க. இத்தனை வருஷத்துல எனக்கு சலிக்காத சத்தம் அது ஒண்ணுதான்.

இப்ப எதிர்வாதம் என்னன்னா, 'ஆட்டோ ரெஃப்ராக்டர் ரெண்டு நிமிஷத்துல பவரை அச்சடிச்சுத் தள்ளுது, எதுக்கு இந்த மாசக்கணக்கு?'

அதுக்கு ஒரு சம்பவம் சொல்றேன்.

ஒரு பள்ளிக்கூட கேம்ப். ஆறாம் வகுப்புப் பொண்ணு. சாயங்காலம் ஆனா தலைவலி, போர்டு மங்கலா இருக்குன்னு சொல்லியிருக்கா. ஏற்கெனவே ஒரு இடத்துல மைனஸ் பவர் கண்ணாடி குடுத்திருக்காங்க. போட்டா தலைவலி அதிகமாகுது. எங்க ஆட்டோ ரெஃப்லயும் மைனஸ்தான் வந்துச்சு. கேம்ப்ல நூத்துக்கணக்குல பிள்ளைங்க வரிசையில நிக்கறப்போ, அந்தச் சீட்டைப் பாத்து அப்படியே எழுதிட்டுப் போறது ரொம்ப சுலபம்.

எங்க நாலாவது வருஷத்து மாணவி ஒருத்தி எழுதல. ரெட்டினோஸ்கோப்பை எடுத்தா. ஒளி ஒரு நிலையில நிக்காம மாறிக்கிட்டே இருக்கறதைக் கவனிச்சா. பாப்பாவும் சுருங்கி விரியுது. 'மேம், இந்தப் பொண்ணு கண்ணை இறுக்கிப் பாக்குது, சொட்டு மருந்து போட்டுப் பாக்கணும்'னு வந்து நின்னா.

மறுநாள் ஓபியில சைக்ளோபென்டோலேட் சொட்டு ஊத்தி, ஃபோகஸ் பண்ற தசை தளந்ததுக்கு அப்புறம் பாத்தா, மைனஸே இல்ல. கொஞ்சம் பிளஸ்தான் இருந்துச்சு. குழந்தைங்க கண்ணுல அந்தத் தசைக்கு பலம் ரொம்ப அதிகம். மெஷினுக்குள்ள தெரியற படத்தைக் கிட்டக்க இருக்கறதா நெனச்சு இறுக்கிப் பாக்கும். மெஷின் அந்த இறுக்கத்தையும் சேத்து அளந்து மைனஸ்னு சீட்டு குடுக்கும். படிச்சவங்க யாரும் பாக்காம விட்டா, அந்தப் பிள்ளை வேண்டாத கண்ணாடியைப் போட்டுக்கிட்டு வருஷக்கணக்கா தலைவலியோட கிடக்கும்.

அந்தப் பொண்ணோட அப்பா கையெடுத்துக் கும்பிட்டது என்னை இல்ல, அந்த மாணவியை. எனக்கு அதைவிடப் பெரிய சால்வை எது?

இப்ப உறுத்தலுக்கு வரேன்.

அந்த மாணவிக்கு இது எப்படி வந்துச்சு? நாலாவது வருஷத்துல அவளுக்கு நோயாளிங்க கிடைச்சாங்க. ஒவ்வொரு நாளும், வித விதமா, முழு நோயாளிங்க. கேள்வி கேட்டு, பார்வை அளந்து, ரெட்டினோஸ்கோப் பாத்து, டிரையல் ஃப்ரேம்ல லென்ஸ் போட்டு அவங்க ஏத்துக்கறாங்களான்னு பாத்து, ஸ்லிட் லேம்ப்ல முன்கண்ணைப் பாத்து, என்ன முடிவுன்னு எழுதி, மேல இருக்கற ஒருத்தர்கிட்ட காட்டித் திட்டு வாங்கி, திருத்தி, நோயாளிக்கு எடுத்துச் சொல்லி அனுப்பி வெச்சா.

பல இடங்கள்ல இன்டர்ன்ஷிப்ங்கிற பேர்ல நடக்கறது வேற. கூட்டம் அதிகமான ஆஸ்பத்திரி. ஆள் பத்தாது. நாலாவது வருஷத்துப் பிள்ளைங்க வர்றாங்கன்னா சம்பளம் இல்லாத ஆள் வர்றாங்கன்னு அர்த்தம். ஒருத்தியை ஆட்டோ ரெஃப்ல உக்கார வெப்பாங்க. 'தாடையை வைங்க, நெத்தியை ஒட்டுங்க, நேரா பாருங்க, அடுத்தவங்க வாங்க.' இன்னொருத்தியைக் கண் அழுத்தம் பாக்கற மெஷின்ல. இன்னொருத்தியை சொட்டு மருந்து ஊத்தற பெஞ்சுல. ஒரு வருஷம் முழுக்க அதே நாற்காலி. சாயங்காலம் முந்நூறு பேரைப் பாத்தேன்னு சொல்லுவா. ஒருத்தரைக்கூடப் பாத்திருக்க மாட்டா.

இதை நான் கோபமாத்தான் சொல்றேன். மூணு வருஷம் அப்பா அம்மா கடன் வாங்கிப் படிக்க வெச்ச பிள்ளையை, ஒரு பட்டனை அழுத்த வெச்சு அனுப்பறது அநியாயம்.

இதை மாத்தறதுலதான் என் காலத்துல பாதி போச்சு. இன்டர்ன்ஷிப் போற இடங்களோட ஒப்பந்தத்துல எழுத்துல கேட்டோம்: ஒரே மெஷின்ல தொடர்ந்து உக்கார வெக்கக் கூடாது; ஒவ்வொரு பிள்ளையும் பொதுப் பரிசோதனை, குழந்தைங்க பிரிவு, கான்டாக்ட் லென்ஸ், குறைபார்வை, கண்ணாடி தயாரிக்கிற இடம் எல்லாத்துக்கும் சுத்தி வரணும்; முழுசாப் பாத்த நோயாளிங்களைப் பதிவு நோட்டுல எழுதி, பொறுப்பாளர் கையெழுத்து வாங்கணும். சில இடங்கள்ல 'அதெல்லாம் முடியாதும்மா'ன்னு முகத்துக்கு நேரா சொன்னாங்க. அங்க பிள்ளைங்களை அனுப்பறதை நிறுத்திட்டோம். பெரிய பேருள்ள இடத்தை விட்டுட்டு சின்ன ஊர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பறீங்களேன்னு பெற்றோர் வருத்தப்பட்டாங்க. ஆனா அந்தச் சின்ன ஊர்ல போனவங்கதான் எல்லாத்தையும் கையால பாத்துட்டு வந்தாங்க.

இது பட்டியல்ல வரல. ஏன்னா இதுக்கு பில் இல்ல, திறப்பு விழா இல்ல.

இன்னொண்ணும் பட்டியல்ல வரல. கேள்வி கேக்கற பழக்கம்.

நாப்பது வயசைத் தாண்டினவங்களுக்கு வெள்ளெழுத்து வரும். கிட்டக்க இருக்கற எழுத்து தெரியாது. இதுக்கு ஒரு பிளஸ் லென்ஸ் குடுக்கறது ஆப்டோமெட்ரியிலேயே ரொம்ப சுலபமான வேலைன்னு எல்லாரும் நெனைப்பாங்க. வழக்கமா 40 சென்டிமீட்டர் தூரத்துல அட்டையைப் பிடிச்சு, கடைசி வரி படிக்க முடிஞ்சா முடிஞ்சுது.

பூ கட்டறவங்க ஒருத்தங்க வந்தாங்க. 'புதுக் கண்ணாடி போட்டும் சரியாத் தெரியல'ன்னு. அட்டையைக் கடைசி வரி வரைக்கும் கடகடன்னு படிக்கறாங்க. பவர்ல ஒண்ணும் தப்பில்ல. எங்க மாணவப் பையன் ஒருத்தன் கேட்டான்: 'அம்மா, பூ கட்டறப்போ எப்படி உக்காருவீங்க? ஒரு தடவை உக்காந்து காட்டுங்க.' அவங்க தரையில உக்காந்து, மடியில கையை வெச்சுக் காட்டினாங்க. கண்ணுலேர்ந்து கை வரைக்கும் டேப் வெச்சு அளந்தான். அட்டை பிடிக்கிற தூரத்தைவிட நல்லாவே தள்ளி இருந்துச்சு. அந்தத் தூரத்துக்குப் பவரைக் குறைச்சு எழுதினான். முடிஞ்சுது வேலை.

தையல்காரருக்கு ஒரு தூரம். நகைப் பட்டறைக்காரருக்கு ஒரு தூரம். தலைக்கு மேல ஒயரிங் பாக்கற எலெக்ட்ரீஷியனுக்கு பைஃபோகல் குடுத்தா கழுத்துதான் போகும், ஏன்னா கிட்டக்க பாக்கறதுக்கான கட்டம் கீழ இருக்கு, அவர் வேலை மேல இருக்கு.

இந்த வெள்ளெழுத்துக் கண்ணாடியில எவ்வளவு பணம் அடங்கியிருக்குன்னு பாக்க, அஸ்ஸாம்ல தேயிலை பறிக்கிறவங்களை வெச்சு ஒரு ஆய்வு செஞ்சாங்க. பிராஸ்பர்னு பேரு. 2018ல லான்செட் குளோபல் ஹெல்த்ல வந்துச்சு. நாப்பது வயசுக்கு மேல வெள்ளெழுத்து இருக்கறவங்களுக்குக் கிட்டக்க பாக்கறதுக்கான கண்ணாடி குடுத்தாங்க. கண்ணாடி வாங்காத குழுவோட ஒப்பிட்டா, பறிக்கிற அளவு சுமார் 22 சதவீதம் கூடுதலா ஏறுச்சு. ஒரு சாதாரணக் கண்ணாடி. அதுல ஒரு குடும்பத்தோட கூலி ஏறுது. இந்த ஆய்வை முதல் வருஷமே பாடத்துல வைங்கன்னு நான் அடிச்சு சொல்லுவேன். படிக்கப்போற வேலை எப்பேர்ப்பட்டதுன்னு மொத நாளே பிள்ளைங்களுக்குத் தெரிஞ்சுடணும்.

பள்ளிக்கூட கேம்ப் பத்தி இன்னும் ஒரு வார்த்தை. கேம்ப் முடிஞ்சதும் 'இத்தனை பேரைப் பரிசோதிச்சோம், இத்தனை கண்ணாடி குடுத்தோம்'னு ஃபோட்டோ எடுத்துப் போடறது எல்லா ஊர்லயும் நடக்கற விஷயம். நாங்க சில மாசம் கழிச்சு, சொல்லாமக் கொள்ளாம திரும்பப் போக ஆரம்பிச்சோம். குடுத்த கண்ணாடி முகத்துல இருக்கான்னு பாக்க.

பாதிப் பேர் முகத்துல இருக்காது. பையில இருக்கும், வீட்ல பீரோவுல இருக்கும், ஒரு பக்கம் காது உடைஞ்சு கிடக்கும். ஏம்மா போடலைன்னு கேட்டா காரணம் வரும். 'சோடாபுட்டி'ன்னு கூப்பிடறாங்க. மூக்குல நிக்க மாட்டேங்குது. பாட்டி, 'பொம்பளப் பிள்ளைக்கு கண்ணாடி போட்டா நாளைக்கு மாப்பிள்ளை வீட்ல என்ன சொல்லுவாங்க'ன்னு கழட்ட சொல்லிட்டாங்க.

இந்தப் பாட்டிகிட்ட போய்ப் பேசறதும் ஆப்டோமெட்ரிதான். எங்க பிள்ளைங்க வீட்டுக்கே போய்ப் பேசினாங்க. ஃப்ரேமைக் குழந்தையே தேர்ந்தெடுக்கட்டும்னு வெச்சோம். வாத்தியார்கிட்ட சொல்லி வகுப்புல ஒரு நாள் கண்ணாடியைப் பத்திப் பேச வெச்சோம். எண்ணிக்கை குறைஞ்சாலும் பரவாயில்ல, குடுத்த கண்ணாடி போடப்படணும்னு கேம்ப் நோக்கத்தையே மாத்தினோம்.

குறைபார்வை கிளினிக்கையும் சொல்லாம இருக்க முடியாது. ஆபரேஷனோ மருந்தோ வெச்சு இனிமே சரிசெய்ய வழியில்லைன்னு சொல்லப்பட்டவங்க வர்ற இடம் அது. பிளஸ் டூ படிக்கிற ஒரு பையன். ஸ்டார்கார்ட் நோய். விழித்திரையோட நடுப்பகுதி பாதிக்கறதால, எதை நேராப் பாக்கறானோ அதுதான் தெரியாது, சுத்தி இருக்கறது தெரியும். வீட்ல படிப்பை நிறுத்திடலாம்னு பேசிட்டு இருந்தாங்க. எங்க மாணவி ஒருத்தி அவனோட உக்காந்து, ஸ்டாண்ட் மேக்னிஃபையர்ல எது ஒத்து வருதுன்னு ஒண்ணொண்ணா பாத்தா. கறுப்பு அட்டையில ஒரு வரி அளவுக்கு ஜன்னல் வெட்டி, அதை வரி வரியா நகத்திப் படிக்கக் கத்துக்குடுத்தா. ஓரப் பார்வையால பாக்கற பயிற்சி குடுத்தா. பரீட்சைக்குக் கூடுதல் நேரம், எழுதறதுக்கு ஆள் வாங்கறதுக்கு என்ன சான்றிதழ் வேணும்னு அப்பாவுக்குத் தாள்ல எழுதிக் குடுத்தா.

கறுப்பு அட்டைக்கு எத்தனை ரூபா ஆகும் சொல்லுங்க.

அடுத்தது, பொண்ணுங்களைப் பத்தி. எங்க வகுப்புல பொண்ணுங்கதான் அதிகம். ரொம்ப அதிகம். இதை நான் சந்தோஷமா சொல்றேன். ஆனா படிச்சு முடிச்சு ரெண்டு மூணு வருஷத்துல கல்யாணம், அப்புறம் குழந்தை, அப்புறம் வேற ஊர், அப்படியே வேலையை விட்டுடறாங்க. குழந்தை பள்ளிக்கூடம் போற வயசுல திரும்ப வர ஆசைப்படறாங்க. அதுக்குள்ள கை பழக்கம் விட்டுப் போயிருக்கும், பயம் வந்திருக்கும். 'மேம், எனக்கு எல்லாம் மறந்துடுச்சு'ன்னு ஃபோன்ல அழுத பொண்ணுங்க உண்டு.

அவங்களுக்காக ஒரு ஏற்பாடு செஞ்சோம். காலையில பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு கிளினிக்குக்கு வரலாம். மூத்த ஆசிரியை பக்கத்துல உக்காந்து மறுபடி நோயாளி பாக்கலாம். கட்டணம் இல்ல. நான் பாத்தவரைக்கும் கை சீக்கிரமே திரும்ப வந்துடுது, பயம் போறதுக்குத்தான் நாளாகுது. இப்படித் திரும்பி வந்தவங்கள்ல சிலர் இன்னிக்கு அதே கல்லூரியில வகுப்பெடுக்கறாங்க. விழாவுல கடைசி வரிசையில உக்காந்து கண்ணைத் துடைச்சுட்டு இருந்தவங்க அவங்கதான்.

சட்டத்துலயும் ஒரு நல்லது நடந்திருக்கு. இணை மற்றும் சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021ல வந்துச்சு. ஆப்டோமெட்ரிஸ்டை ஒரு சுகாதாரத் தொழில் வல்லுநரா அது பட்டியல்ல சேத்திருக்கு. பாடத்திட்டத்துக்கு ஒரு தரம், தொழில் செய்யறவங்களுக்குப் பதிவுன்னு அதோட நோக்கம். முப்பது வருஷமா மேடைக்கு மேடை கேட்டுக்கிட்டே இருந்த விஷயம் இது. முழுசா நடைமுறைக்கு வந்தா, ஆறு மாசப் பயிற்சி எடுத்துட்டு போர்டு மாட்டிக்கறவங்களுக்கும் நாலு வருஷம் படிச்ச பிள்ளைக்கும் இருக்கற வித்தியாசம் ஜனங்களுக்குத் தெரிய வரும்.

பாக்கி இருக்கறதும் நிறைய. புதுசா வேலைக்குப் போற பிள்ளைங்க சம்பளம் இன்னும் கண்ணியமான அளவுக்கு வரல. தூரத்துல இருக்கறது மங்கலாத் தெரியற கிட்டப் பார்வை (மயோபியா) குழந்தைங்ககிட்ட வேகமா கூடிட்டு வருது. 2050ல உலகத்துல பாதிப் பேருக்குக் கிட்டப் பார்வை இருக்கும்னு பிரையன் ஹோல்டனும் அவரோட குழுவும் 2016ல கணிச்சாங்க. இதைத் தடுக்க, தைவான்ல குழந்தைங்களை தினமும் ரெண்டு மணி நேரம் வெளிய விடணும்னு பள்ளிக்கூடம் மூலமாவே திட்டம் போட்டாங்க. நம்ம பள்ளிங்கள்ல பி.டி. பீரியடை கணக்கு வாத்தியார் எடுத்துக்கறார். இதை எதிர்த்து ஆப்டோமெட்ரி கல்லூரிங்க பேசணும். ஊர்ப் பள்ளிக்கூடத்துல போய்ப் பேசணும். எனக்கு அடுத்து வர்றவங்ககிட்ட நான் முதல்ல ஒப்படைச்ச வேலையே இதுதான்.

கம்ப்யூட்டரே எல்லாத்தையும் பாத்துடும்னு பிள்ளைங்க பயப்படறாங்க. சர்க்கரை நோயால விழித்திரை கெடுறதைப் படத்தை வெச்சே கண்டுபிடிக்கிற கூகுள் ஆய்வு 2016லயே வந்தாச்சு. அதுல நம்ம அரவிந்த் கண் மருத்துவமனை, சங்கர நேத்ராலயா படங்களும் உண்டு. நல்லதுதான். படம் படிக்கிற வேலையை அது எடுத்துக்கட்டும். பூ கட்டற அம்மாவைத் தரையில உக்கார சொல்லி டேப் எடுத்து அளந்த பையனுக்கு என்ன பயம்? பட்டன் மட்டும் அழுத்தக் கத்துக்கிட்ட பிள்ளைக்குத்தான் பயம் வரணும். அதனாலதான் திரும்பத் திரும்ப அந்த நாலாவது வருஷத்தையே பிடிச்சுத் தொங்கறேன்.

இதுல உங்களுக்கும் ஒரு பங்கு இருக்கு. ஆமா, இதைப் படிச்சுட்டு இருக்கற உங்களுக்குத்தான்.

நிறைய பேர் கிளினிக்குக்குள்ள வந்து, எதிர்ல வெள்ளைக் கோட்டுல ஒரு சின்னப் பிள்ளையைப் பாத்ததும், 'ஸ்டூடண்ட் வேணாம், பெரியவங்க பாக்கட்டும்'னு எழுந்துடறாங்க. அந்தப் பிள்ளை முகம் சுண்டிப் போறதை நான் நூறு தடவை பாத்திருக்கேன். உங்க கவலை புரியுது. ஆனா பயிற்சி கிளினிக்ல மாணவி பாத்து முடிச்சதும் பொறுப்புல இருக்கற ஆப்டோமெட்ரிஸ்ட் ஒருத்தர் மறுபடி சரிபாத்துட்டுத்தான் சீட்டுல கையெழுத்துப் போடணும். உங்களுக்கு ஆகறது கூடுதலா கொஞ்சம் நேரம்தான். உண்மையில ரெண்டு பேர் பாத்த கண்ணு உங்களோடது.

அதனால அடுத்த தடவை ஒரு நாலாவது வருஷத்துப் பிள்ளை 'நான் பாக்கட்டுமா?'ன்னு கேட்டா, சரின்னு சொல்லி உக்காருங்க. என்ன வேலை செய்யறீங்கன்னு கேட்டா விவரமா சொல்லுங்க. கேக்கலைன்னா, நீங்களே சொல்லுங்க.